வெல்லற்கரிய வீரனும் தளர்ந்த கதைப்பின்னலும்: பண்டாரவன்னியன் நாடக மரபு பற்றிய ஒரு நோக்கு

வீரனைப் பாடுதல் மனித குலத்தின் மிகப் பழைய கலை முயற்சிகளுள் ஒன்றாகும். புறநானூறு தொடக்கம் நாட்டார் கதைப்பாடல்கள் ஈறாகத் தமிழில் வழங்கும் இலக்கியத்தின் பெரும்பகுதி வீரரை மையமாகக் கொண்டே எழுந்துள்ளது. எனினும், வீரனொருவனை உயர்த்திப் பாடுவது வேறு. அவனை எவராலும் வெல்லவே முடியாதவனாக ஆக்கிவிடுவது வேறு. முன்னையது கலை, பின்னையது கலைக்கு நேரும் இடையூறு. தோற்கவே இயலாத ஒருவனைக் கதையின் நடுவில் நிறுத்திய மறுகணமே கதையின் ஏனைய உறுப்புகள் தளரத் தொடங்குகின்றன. எதிரி பொம்மையாகிறான், போர் விளையாட்டாகிறது, முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

சீனத் தற்காப்புக் கலைத் தொலைக்காட்சித் தொடர்கள்மீது அடிக்கடி சுமத்தப்படும் குற்றச்சாட்டும் இதுவே. அளவிறந்த ஆற்றல் படைத்த தலைவன், அவனுக்கு ஈடுகொடுக்க மாட்டாத கதைப்பின்னல் என்னும் இரு குறைகளும் அங்கு இணைபிரியாதனவாய்க் காணப்படுகின்றன. இக்குறை சீனத்துக்கு மட்டும் உரியதன்று. வன்னிப் பெருநிலத்தின் வரலாற்று நாடக மரபிலும் இதனைத் தெளிவாகக் காணலாம். முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளின் பாடசாலை மேடைகளிலும் கோயில் முன்றல்களிலும் வேறெந்த வரலாற்று வீரனைக் காட்டிலும் மிகுதியாகத் தோன்றியவன் பண்டாரவன்னியன். அவனுடைய வரலாறு மரபுக்கதையாக மாறியபோது பெற்றவை எவை, இழந்தவை எவை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வரலாறு தரும் செய்தி

வன்னி நிலம் ஒரே அரசனின் கீழ் அமைந்த நாடாக இருந்ததில்லை. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, மேற்பற்று, கருநாவற்பற்று, தென்னமரவடி எனப் பல பற்றுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தத்தம் வன்னிபத்தின் ஆட்சியில் இயங்கிவந்தது. யாழ்ப்பாண அரசு வலுப்பெற்றிருந்த காலத்தில் அதற்கும், பின்னர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் வன்னியர் திறை செலுத்த வேண்டியவராயினர். திறையின் முக்கிய பொருள் யானை. அதனை உரிய தொகையிற் செலுத்தாது காலங்கடத்துவதும், ஆட்சியாளர் அதனை வற்புறுத்திப் பெற முயல்வதும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் தொடர்ந்த இழுபறியாயிருந்தன.

1782இல் ஒல்லாந்தர் இவ்விழுபறிக்கு முடிவுகட்ட முனைந்து வன்னியிற் படை நடத்தினர். அப்போரில் அவர்களை மிகக் கடுமையாக எதிர்த்து நின்றவள் வன்னிச்சி மரியா செம்பாத்தை என்பதும், அவள் சிறைப்பிடிக்கப்பட்டுக் கொழும்புக்கோட்டையில் தடுத்துவைக்கப்பட்டாள் என்பதும் ஏடுகளிற் பதிவாகியுள்ளன. இதன்பின் நாகெல் என்னும் ஒல்லாந்த அலுவலர் வன்னி நிருவாகத்துக்குப் பொறுப்பாக்கப்பட்டார். 1795இல் முல்லைத்தீவு பிரித்தானியர் கைக்கு மாறியது. ஆகவே, பண்டாரவன்னியன் வாள் ஏந்திய காலத்தில் வன்னியரின் ஆட்சி உச்சத்தில் இருக்கவில்லை. அது ஏலவே ஒரு முறை நொறுக்கப்பட்டிருந்தது. அவன் கையிலிருந்ததைக் காத்தவன் அல்லன். கைவிட்டுப் போனதை மீட்க முயன்றவன். நாடகங்கள் பெரும்பாலும் மறந்துவிடும் முதலாவது உண்மை இதுவாகும்.

1803ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைத் தனியே நோக்குவது பொருந்தாது. அவ்வாண்டு பெப்ரவரியில் பிரித்தானியர் கண்டியைக் கைப்பற்றினர். யூன் மாதத்தில் மேஜர் டேவியின் கீழிருந்த படை கண்டியிற் சரணடைந்து அழிந்தது. அதனைத் தொடர்ந்து கண்டியர் கரையோர மாகாணங்களின் பல முனைகளில் ஒரே காலத்திற் தாக்குதல் தொடுத்தனர். இப்பேரலையின் வடக்கு முனையாகவே 1803 ஆகத்து 25ஆந் திகதி முல்லைத்தீவுத் தாக்குதல் அமைந்தது. கண்டியரின் துணையுடன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கினான். அங்கிருந்த காவற்படையும் அதன் தலைவனான கப்டன் வொன் டிரிபேர்க்கும் நிலைகொள்ள மாட்டாது கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்க நேர்ந்தது. வன்னியனின் படை ஆனையிறவு வரை முன்னேறியதாகவும் கூறப்படும்.

இரு மாதங்களுள் நிலைமை தலைகீழாயிற்று. செப்டெம்பர் மாதத்தில் அவிசாவளைப் பாதையிலுள்ள ஹங்வெல்லையிற் கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கனின் படை முறியடிக்கப்பட்டது. கொழும்புக்கு நேர்ந்த ஆபத்து நீங்கவே, பிரித்தானியர் வடக்கு நோக்கித் திரும்ப முடிந்தது. மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் வன்னிக்குட் படைகள் அனுப்பப்பட்டன. மன்னாரிலிருந்து வந்த படைக்குத் தலைமை தாங்கியவன் ஆகத்து மாதத்தில் முல்லைத்தீவை விட்டோடிய அதே வொன் டிரிபேர்க். 1803 ஒற்றோபர் 31ஆந் திகதி ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் அவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான். பிற்காலத்தில் அவ்விடத்தில் நாட்டப்பட்ட கல்லும் அச்செய்தியையே கூறிற்று.

அக்கல்லிற் பொறிக்கப்பட்ட செய்தி தோல்வி பற்றியதே ஒழிய இறப்புப் பற்றியது அன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. கற்சிலைமடுவின் பின்னரும் அவன் உயிர்வாழ்ந்து போராடினான் எனவும், 1811ஆம் ஆண்டளவில் உடையாவூரில் நிகழ்ந்த மோதலிற் காயமுற்றுப் பனங்காமத்தில் இறந்தான் எனவும் கூறுவோர் உளர். அவனது மறைவு நாள் பற்றிய இவ்வாத எதிர்வாதம் இன்னும் ஓயவில்லை. நாடக மரபோ இவ்வையப்பாட்டிற் சிறிதும் நாட்டங்கொள்ளவில்லை. கற்சிலைமடுவிலேயே வீரனை வீழ்த்தித் திரையை விழுத்துவதே அதற்கு வசதியாயிருந்தது.

மரபுக்கதையின் பின்னல்

மக்களிடையே வழங்கும் கதையின் அமைப்பு யாவரும் அறிந்ததே. பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சியைக் காக்கைவன்னியன் மணக்க விரும்புகிறான். அவளுடைய உள்ளமோ அரசவைப் புலவன்பாற் சென்றிருக்கிறது. விருப்பம் மறுக்கப்பட்டு இழிவுற்ற காக்கைவன்னியன் வெள்ளையரோடு சேர்கிறான். பின்னர் நட்புப் பாராட்டி வீரனை ஒட்டுசுட்டானுக்கு வரச்செய்து காட்டிக்கொடுக்கிறான். வீரன் சூழ்ந்துகொள்ளப்பட்டு வீழ்கிறான். அவன்மீது காதல்கொண்டிருந்த குருவிச்சி நாச்சியார் கார்த்திகைக் கிழங்கை உண்டு உயிர்துறக்கிறாள்.

இக்கதையில் உணர்ச்சிக்குக் குறைவில்லை. காதல், மானம், வஞ்சம், பிரிவு என மேடைக்கு வேண்டியவை அனைத்தும் நிறைந்துள்ளன. முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி வே. சுப்பிரமணியம் 1960களில் எழுதிய ‘பண்டாரவன்னியன்’ நாடகம் இம்மரபை அச்சிலும் மேடையிலும் நிலைநிறுத்திற்று. புறக்கணிக்கப்பட்டிருந்த வன்னியின் வரலாற்றை ஈழத்துத் தமிழ் வாசகர் முன் கொணர்ந்தமை அதன் பெரும்பணி. தமிழகத்தில் மு. கருணாநிதி ‘பாயும்புலி பண்டாரகவன்னியன்’ என்னும் நாவலை எழுதுமளவுக்கு இக்கதை கடல் கடந்தது. ஆகவே, கதை மக்களைக் கவர்ந்ததா என்பது வினா அன்று. கவர்ந்த கதை எதனை மறைத்தது என்பதே வினாவாகும்.

கதையின் பின்னலைச் சற்றே அவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். மேடையில் தோன்றும் வீரன் முதற்காட்சியிலேயே முழுமை பெற்றவனாக நிற்கிறான். அவன் கற்றுக்கொள்ள வேண்டியது எதுவும் இல்லை. தவறான முடிவு எதனையும் எடுப்பதில்லை. அஞ்சுவதும் ஐயுறுவதும் இல்லை. ஒரு வாளுடன் பல துப்பாக்கிகளை எதிர்கொண்டு வெல்கிறான். எத்தனை பேரை வீழ்த்தினான் என்னும் எண்ணிக்கை சொல்வோர் வாய்க்கேற்ப உயர்ந்துகொண்டே செல்லும். எதிரிகளோ கொச்சைத் தமிழ் பேசி அவையினரைச் சிரிக்கவைக்கும் வெள்ளையர். ஆகத்தில் ஓடி, ஒற்றோபரில் மீண்டுவந்து வென்ற வொன் டிரிபேர்க் உண்மையில் நாடகாசிரியனுக்குக் கிடைத்தற்கரிய பாத்திரம். பெற்ற இழிவைத் துடைக்க வரும் எதிரியை ஒருவனே இருமுறை எதிர்கொள்வதென்பது நாடகத்தின் உயிர்நாடி. அப்பாத்திரத்தைக் கோமாளியாக்கியதன் மூலம் மரபு தன் கையாலேயே தன் கதையை வறிதாக்கிக்கொண்டது.

துரோகி என்னும் திறவுகோல்

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. வீரன் வெல்லற்கரியவன், எதிரி கோமாளி. ஆயின் வரலாற்றிலோ வீரன் தோற்றான். இம்முரணைத் தீர்க்கக் கதைக்கு ஒரே வழிதான் உண்டு. உள்ளிருந்து ஒருவன் காட்டிக்கொடுத்திருத்தல் வேண்டும். எனவே காக்கைவன்னியன் கதைக்கு இன்றியமையாதவனாகிறான். அவன் வரலாற்றில் இருந்தானா, என்ன செய்தான் என்பன ஆராயப்பட வேண்டியவை. ஆயினும், அவன் இல்லாதிருந்தாலுங்கூட இத்தகைய கதை அவனைப் படைத்தே தீரும். அளவிறந்த ஆற்றலுடைய தலைவனும் துரோகியும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட இரு பாத்திரங்கள். ஒருவன் எவ்வளவு உயர்கிறானோ மற்றவன் அவ்வளவு கறுத்துப்போகிறான்.

இவ்வமைப்பு வன்னிக்குப் புதியதன்று. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799 ஒற்றோபரிற் கயத்தாறிற் தூக்கிலிடப்பட்டான். அவனுடைய கதையில் எட்டப்பன் வகிக்கும் இடமும் காக்கைவன்னியன் வகிக்கும் இடமும் ஒன்றே. சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்துடன் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் 1959இல் வெளிவந்தபின், அதன் வசனங்களை மனப்பாடஞ் செய்து ஒப்பிக்காத ஈழத்துப் பாடசாலை மேடை அரிது எனலாம். அடுத்த பத்தாண்டிற் பண்டாரவன்னியன் நாடகங்கள் பெருகியமையை இப்பின்னணியிலேயே நோக்குதல் பொருந்தும். நீண்ட அடுக்குவசனம், வெள்ளையனை மடக்கும் மறுமொழி, இறுதியிற் காட்டிக்கொடுப்பு என்னும் மூன்றும் அங்கிருந்து இங்கு வந்து குடியேறின. பாளையங்களின் வரலாறும் வன்னிமைகளின் வரலாறும் ஒன்றல்ல; மேடையில் மட்டும் அவை ஒன்றாயின.

வரலாற்று நோக்கில் இதனால் விளைந்த இழப்புப் பெரிது. கற்சிலைமடுத் தோல்விக்கான காரணங்களைத் தேடுவோர் ஹங்வெல்லைக்குச் செல்ல வேண்டும். கடலை யார் ஆண்டனர் என்று கேட்க வேண்டும். 1782இல் நொறுங்கிய பற்றுகளின் தலைவர்கள் 1803இல் எவ்வளவு ஒன்றுபட்டிருந்தனர் என்று ஆராய வேண்டும். ஒற்றோபர் மாதம் வன்னியிற் காலபோகச் செய்கைக்கு மக்கள் வயலில் இறங்கும் பருவம் என்பதும் எண்ணத்தக்கது. உழவரைக் கொண்ட படை அப்பருவத்தில் எவ்வளவு காலம் ஒன்றாய் நிற்கும்? இவையாவும் கதைப்பின்னலுக்கு வலுவூட்டக்கூடிய வினாக்கள். துரோகி என்னும் ஒரே திறவுகோல் எல்லாப் பூட்டுகளையும் திறந்துவிடுவதால் இவ்வினாக்களைக் கேட்கும் தேவையே அவையோருக்கு ஏற்படுவதில்லை.

சீனத் தொடர்கள்: ஓர் ஒப்பீடு

இந்நிலையிற் சீன மரபை ஒப்புநோக்குதல் பயன்தரும். ‘வூசியா’ எனப்படும் சீன வீரக்கதைகள் பழைமையான வேர்களை உடையனவாயினும், அவற்றின் இக்கால வடிவம் ஹொங்கொங் நாளிதழ்களில் வெளிவந்த தொடர்கதைகளிலேயே உருப்பெற்றது. ஜின் யோங் என்னும் புனைபெயர் பூண்ட லூயிஸ் சா 1955இல் தம் முதற் தொடர்கதையைத் தொடங்கி 1972இற் தம் இறுதி நாவலை நிறைவுசெய்தார். ஹொங்கொங்கில் 1967இற் தொடங்கப்பட்ட தொலைக்காட்சி நிலையமான ரீ.வீ.பி. இக்கதைகளைத் தொடர்களாக்கிற்று. கழுகை எய்த வீரர்களின் கதை 1983இற் தொலைக்காட்சித் தொடராக வந்து தென்கிழக்காசியச் சீனரிடையே பெரும் புகழ்பெற்றது. பின்னர் சீனப் பெருநிலத்திலும் இத்தகைய தொடர்கள் பெருகின. இன்று அவை கைபேசித் திரையிலுங் காணக்கிடைக்கின்றன.

இத்தொடர்களின் மலிந்த வடிவங்களிற் கதை எவ்வாறு நகர்கிறது என்பதைப் பலரும் அறிவர். இளைஞன் ஒருவன் மலை விளிம்பிலிருந்து வீழ்கிறான். ஆழத்துக் குகையில் அரிய சுவடியொன்று கிட்டுகிறது. சில காட்சிகளுள் அவன் நிகரற்ற ஆற்றல் பெறுகிறான். அதன்பின் அவனை எதிர்க்க வருபவர் முன்னையவரைக் காட்டிலும் வலியவராக இருத்தல் வேண்டும். அவர் வீழ்ந்ததும் இன்னும் வலியவர் ஒருவர் வருவார். எதிரியர் பலர் சூழ்ந்து நின்றாலும் ஒருவர்பின் ஒருவராகவே பாய்வர். நாள்தோறும் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பாக வேண்டும் என்னும் கட்டாயம் கதையை நீட்டுகிறது; நீண்ட கதைக்குப் புதுப்புது ஆற்றல்கள் தேவைப்படுகின்றன. நிகழ்ச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று விளையாமல், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அடுக்குவது பின்னுவதாகாது.

ஆயினும், இம்மரபின் தலைசிறந்த படைப்புகள் இக்குறைக்கு மாற்றையும் தம்முள்ளேயே கொண்டுள்ளன. கழுகை எய்த வீரர்களின் கதைத் தலைவனான கோ ஜிங் மந்தபுத்தி உடையவனாகவே அறிமுகமாகிறான். ஏழு ஆசிரியர் ஆண்டுக்கணக்கிற் கற்பித்தும் அவனுக்குக் கல்வி எளிதில் ஏறுவதில்லை. அவனுடைய ஆற்றல் கிடைத்ததன்று, உழைத்துப் பெற்றது. அதனினும் முக்கியமானது அவனது முடிவு. நிகரற்ற வீரனாக வளர்ந்தபின், மொங்கோலியரிடமிருந்து சியாங்யாங் நகரைக் காக்கும் பொறுப்பை அவன் ஏற்கிறான். வரலாற்றில் அந்நகர் 1273இல் வீழ்ந்தது. ஆசிரியர் வரலாற்றை மாற்றவில்லை. நகரோடு கோ ஜிங்கும் அழிந்தான் என்பதைத் தொடர்ந்துவந்த நாவல் ஒன்று சில சொற்களிற் கூறிச் செல்கிறது. தனியொரு வீரனின் கை எவ்வளவு வலியதாயினும் ஒரு பேரரசின் வீழ்ச்சியைத் தடுக்கப் போதாது என்பதே அங்குப் பெறப்படும் உண்மை. அத்தோல்விக்கு அவனுடைய வீரம் குறைந்தது காரணமன்று; துரோகி ஒருவனின் பெயரும் அங்குத் தேவைப்படவில்லை.

ஜின் யோங்கின் இறுதி நாவலின் தலைவன் போர்க்கலையை ஏறத்தாழ அறியாதவன். வாய்ச்சாலத்தாலும் தந்திரத்தாலும் பிழைப்பவன். வெல்லற்கரிய வீரரைப் படைத்தே பெயர்பெற்ற ஓர் எழுத்தாளர் தம் எழுத்துப்பணியை அத்தகைய ஒருவனோடு முடித்துக்கொண்டமை சிந்தனைக்குரியது.

வன்னிக் கூத்து மரபு காட்டும் எல்லை

இவ்வகைக் கட்டுப்பாட்டுக்குச் சீனம்வரை செல்லவேண்டியதில்லை. வன்னியின் சொந்தக் கூத்து மரபிலேயே அது செழிப்பாக உண்டு. முள்ளியவளைப் பகுதியில் கண்ணகி வழிபாட்டோடு இணைந்து பேணப்பட்டுவரும் கோவலன் கூத்தை எடுத்துக்கொள்ளலாம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் திரளும் மக்கள் அக்கதையின் முடிவை அறியாதவரல்லர். கோவலன் கொலையுறுவான் என்பது சிறுவருக்கும் தெரியும். இருந்தும் விடியும்வரை விழித்திருக்கிறார்கள். சிலம்பு கைமாறும் ஒவ்வொரு படியும் அடுத்த படியைப் பிறப்பிக்கிறது. மாதவியிடம் சென்றதனாற் பொருளிழந்தான். பொருளிழந்ததனாற் சிலம்பை விற்கச் சென்றான். விற்கச் சென்றதனாற் பொற்கொல்லன் கையில் அகப்பட்டான். பொற்கொல்லனும் வஞ்சகன்தான், ஆயினும் அவனுடைய வஞ்சம் கோவலனின் பிழையையும் பாண்டியனின் அவசரத்தையும் மூடிமறைப்பதில்லை. மூன்றுஞ் சேர்ந்தே அழிவை விளைக்கின்றன. கண்ணகியின் அளவிறந்த ஆற்றல்கூட இறுதியிலேயே வெளிப்படுகிறது. அதுவும் மாண்டவனை அவளுக்கு முன்போல் மீட்டுத் தருவதாயில்லை.

காத்தவராயன் கூத்தும் இதற்கோர் எடுத்துக்காட்டு. காத்தவராயன் மாயம் வல்லவன், வேண்டிய உருவை எடுப்பவன், காவல்களைக் கடப்பவன். சீனத் தொடர்களின் தலைவர்க்கு எவ்வகையிலுங் குறைந்தவனல்லன். எனினும் முதலிலிருந்தே அவன்முன் கழுமரம் நிற்கிறது. அவனுடைய ஒவ்வொரு வெற்றியும் அவனை அக்கழுமரத்தை நோக்கி ஓரடி நகர்த்துகிறது. ஆற்றல் மிகுந்தவனைக் கதைத்தலைவனாக்கிய நாட்டார் கலைஞன் அவ்வாற்றலுக்கு எல்லையையும் உடன்வகுத்துவிட்டான்.

அரியாத்தையின் கதை இதனினும் அழுத்தமானது. மதங்கொண்ட யானையைப் பிணித்த அப்பெண்ணின் வீரம் வன்னி மக்களால் வெற்றிப்பாடலாகவன்றி, வேலப்பணிக்கன் தன் மனைவிக்காகப் பாடும் ஒப்பாரியாகவே வழங்கப்படுகிறது. வெற்றியின் விலையை வெற்றியோடு சேர்த்தே சொல்லும் பக்குவம் அம்மரபுக்கு இருந்தது. யானையையே திறையாகக் கொடுத்துவந்த நிலத்தில் யானை பிடிப்போரின் உயிர் எத்துணை மலிவாயிருந்தது என்பதை வரலாற்று நூல்களைவிட ஓர் ஒப்பாரி தெளிவாக உணர்த்துகிறது.

பழந்தமிழ் மரபும் இவ்வாறே நோக்கிற்று. வெண்ணிப் போரிற் கரிகாலனிடம் தோற்றுப் புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனை, வென்ற மன்னனின் முன்னிலையிலேயே அவனிலும் நல்லனாக எண்ணிப்பார்க்கும் துணிவு வெண்ணிக்குயத்தியாருக்கு இருந்தது. தோல்வி வீரத்துக்கு இழுக்கன்று என்னும் தெளிவு அங்கு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் மேடையேறிய ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகிய கூத்துகள் தோற்றவரையே தலைவராகக் கொண்டன. கர்ணனும் இராவணனும் ஆற்றலிற் குறைந்தவரல்லர். அவர்களின் வீழ்ச்சிக்கான வித்து அவர்களுள்ளேயே இருப்பதால் அவை உயர்ந்த நாடகங்களாயின. புறப்பகையை மட்டும் நம்பிய பண்டாரவன்னியன் நாடகங்களுக்கு இவ்வகை ஆழம் வாய்க்கவில்லை.

மேடையேறாத மாந்தர்

வீரன் ஒருவனே மேடை முழுவதையும் நிறைத்துவிட்டமையால் ஏனையோருக்கு இடமில்லாது போயிற்று. மரியா செம்பாத்தை ஒல்லாந்தப் பேரரசின் படைகளை எதிர்த்துச் சிறைசென்றவள். அவளுடைய பெயரை அறிந்த மாணவர் எத்தனை பேர்? நாடகத்திலோ பெண்கள் காதலிகளாகவும் தங்கையாகவும் நின்று கண்ணீர் சொரிவதோடு அமைகின்றனர். வரலாறு போர்க்களத்தில் நிறுத்திய பெண்ணை மேடை அந்தப்புரத்தினுள் அடைத்துவிட்டது.

முல்லைத்தீவுத் தாக்குதலிற் பங்குகொண்ட கண்டியரின் நிலையும் அத்தகையதே. தமிழ் வன்னியனும் சிங்களக் கண்டி அரசின் படையினரும் ஒரே பகைவனுக்கு எதிராக ஒன்றுசேர்ந்தமை இலங்கை வரலாற்றில் மீள மீள எண்ணத்தக்க செய்தி. ஒருவனே அனைத்தையும் சாதித்தான் என்னும் கதைக்குத் துணைவர் தேவைப்படுவதில்லையாதலால், அவர்கள் மேடையிலிருந்து மெல்ல மறைந்தனர். இனங்களிடையே அவநம்பிக்கை வளர்ந்த காலங்களில் இம்மறைவை எவரும் குறையாகக் கருதவுமில்லை.

இவர்கள் அனைவரிலும் முற்றாக மறக்கப்பட்டவர் சாதாரண குடிமக்கள். குளத்தை நம்பி வாழ்ந்த உழவரும் யானை பிடித்த பணிக்கரும் இன்றி எந்த வன்னியனும் படை திரட்டியிருக்க முடியாது. 1803இன் பின் வன்னி நாடு தளர்ந்தது, குளங்கள் தூர்ந்தன, குடிகள் குறைந்தன. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலில் இந்நிலத்தின் தேய்ந்த நிலை விரிவாகப் பதிவாகியுள்ளது. கற்சிலைமடுவின் மெய்யான பின்விளைவு ஒருவனுடைய வீழ்ச்சியன்று. ஒரு நிலத்தின் வீழ்ச்சி. அந்நாடகம் இன்னும் எழுதப்படவில்லை.

முடிவுரை

பண்டாரவன்னியனின் வீரத்தைக் குறைத்து மதிப்பிடுவது இவ்வாய்வின் நோக்கமன்று. உண்மையில் அவனைச் சிறுமைப்படுத்துவது அவனுக்குச் சூட்டப்பட்ட வெல்லமுடியாமை என்னும் மகுடமே. தோற்கமாட்டாதவன் போருக்குச் செல்வதில் துணிவு எதுவும் இல்லை. இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன்னரே நொறுக்கப்பட்டிருந்த ஒரு நாட்டில், பிளவுண்ட பற்றுகளைச் சேர்த்து, மலைநாட்டு அரசோடு கைகோத்து, உலகின் வலிய கடற்படையை உடைய பேரரசின் கோட்டையைத் தன்வசப்படுத்தியவன் அவன். தோல்வி நேரக்கூடும் என்பதை அறிந்தே அவன் இறங்கியிருத்தல் வேண்டும். அவ்வறிவே அவனை வீரனாக்குகிறது. அதனை மேடையில் நிறுத்துவதே வருங்கால நாடகாசிரியனின் கடன்.

இது கலைநயம் பற்றிய வினா மட்டுமன்று. 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போரின் பேரழிவைத் தன் மண்ணிலேயே கண்ட நிலம் வன்னி. அங்கு வளரும் தலைமுறை தோல்விகளை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்பது சிறிய செய்தியன்று. எல்லாத் தோல்விக்கும் காக்கைவன்னியன் ஒருவனைத் தேடிப் பழகிய மனம், அயலவனையே ஐயுறத் தொடங்கும். தன் தலைவர்களின் முடிவுகளையும் காலத்தின் போக்கையும் உலகின் வலுச்சமநிலையையும் ஆராய முற்படாது. வெல்லற்கரிய வீரன் என்னும் கற்பனை சீனத்துத் திரையில் வெறும் பொழுதுபோக்காகக் கழியலாம். வரலாறாகக் கற்பிக்கப்படும்போது அது சிந்தனையின் வாயிலை அடைத்துவிடுகிறது.

கோவலனின் பிழையை மறைக்காமலே கண்ணகியைத் தெய்வமாகப் போற்றத் தெரிந்த மக்கள் இந்நிலத்தவர். காத்தவராயனின் மாயத்தை வியந்துகொண்டே கழுமரத்தையும் கண்ணெதிரே வைத்தவர்கள். யானையைப் பிணித்தவளை ஒப்பாரியாற் பாடியவர்கள். அவர்களுடைய கலைமரபே பண்டாரவன்னியனை மீண்டும் எழுதுவதற்கு வேண்டிய இலக்கணத்தைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அவ்விலக்கணத்தைக் கற்று, ஏடுகளையும் துணைக்கொண்டு எழுதப்படும் நாடகம், கற்சிலைமடுவில் வீழ்ந்தவனுக்கு வானளாவிய சிலையினும் உயர்ந்த நடுகல்லாக அமையும்.